எந்தப் பக்கமா வந்தீக?

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் முகம். பார்த்து முடித்ததும் கேள்வி வரும்: "எந்தப் பக்கமா வந்தீக?"

பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள் என்று எல்லோருக்கும் இதே வரவேற்புதான். பதில் சொன்னால் தலையை ஆட்டிக்கொள்வார். நம்பினாரா இல்லையா என்பது அந்தத் தலையாட்டலில் தெரியாது. போலீசில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏட்டு என்பதால் ஏட்டம்மா. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவருடைய சந்தேகத்துக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்குப் போனால் இடது செருப்பை ஒரு மூலையிலும் வலது செருப்பை எதிர் மூலையிலும் விட்டுவிட்டுப் போவார். "ஒத்தைச் செருப்பை எவன் எடுப்பான்?" என்பார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் பால்கோவா வாங்கும்போது முதலில் வெறும் டப்பாவை எடை போடச் சொல்வார், பிறகு நிரப்பிய டப்பாவை. கடைக்காரர் முறைத்தால், "ஒங்க மேல சந்தேகம் இல்லண்ணே. தராசு மேலதான்" என்று சமாதானமும் சொல்வார்.

இப்படிப்பட்டவரோடு கூட்டுச் சேர்ந்து மீன் குத்தகை எடுக்க நான் ஏன் போனேன் என்றால், எல்லாம் என் அக்கா வீட்டுக்காரரால். மச்சானுக்கு வருடத்துக்கு ஒரு யோசனை வரும். அந்த வருடம் வந்தது மீன் யோசனை. வத்திராயிருப்புப் போகிற வழியில் உள்ள ஒரு கண்மாயை மச்சான், ஏட்டம்மா, நான் என மூன்று பேரும் குத்தகைக்கு எடுத்தோம். நான் மகாராஜபுரத்து நெல் விவசாய வீட்டில் பிறந்தவன். ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. எனக்கு நீச்சல் தெரியாது. மீனைக் குழம்பில் மட்டும் தெரியும்.

ஏட்டம்மாவுக்குத் தண்ணீர் தெரியும். கடலோரப் போலீஸ் ஸ்டேஷனில் சில வருடம் இருந்தவர். பரிசல் வேண்டாம், பழைய ஃபைபர் படகு வாங்கலாம் என்றவர் அவர்தான். தூத்துக்குடியிலிருந்து அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ராஜபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர் லாரியை அண்ணாந்து பார்த்துவிட்டு மச்சானிடம், "இதேமி, படவா?" என்று கேட்டார்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்துப் படவாங்கீரு?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே, சும்மா இரு. படவன்னா தெலுங்குல படகு. படகான்னு கேக்காக" என்று ஏட்டம்மா அதட்டினார். லாரி கிளம்பியபின் என் காதருகே குனிந்து, "கேட்டது சரி. ஆனா எதுக்குக் கேட்டாருன்னு தெரியலயே" என்றார்.

படகு வந்த பிறகு அவருடைய சந்தேகத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது. கண்மாய் பெருகினால்தான் மீன் வேலை. அதுவரை படகு கண்மாய்க்கரையில் தனியாகக் கிடக்கும். அது தனியாகக் கிடக்கிறது என்ற நினைப்பிலேயே அவருக்குச் சோறு இறங்காது.

"படகு தானா முங்காது தம்பி. மேல இருந்து மழை, கீழ இருந்து ஓட்டை, பக்கத்துல இருந்து மனுசன். மூணையும் பாக்கணும்" என்பார்.

மூன்றையும் பார்த்தார். மடைப் பக்கத்துக் கட்டுக்கல்லில் ஒரு கயிறு, புங்கமரத்தில் ஒரு கயிறு. கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகத்தான் கட்டுவார். இறுக்கிக் கட்டினால் கண்மாய் பெருகும்போது படகின் மூக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடுமாம். கயிறு உரசுகிற இடத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினார். கல்லுக்கும் படகுக்கும் நடுவில் பழைய லாரி டயர்களைத் தொங்கவிட்டார். தண்ணீர் தேங்காமல் வழியட்டும் என்று மூங்கில் கொடுத்துத் தார்ப்பாயைக் கூரை போலப் போட்டார். துடுப்புகள் தினமும் அவர் வீட்டுக்குப் போய்விடும். படகின் வெளிப்பக்கம் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, "இந்தக் கோடு தண்ணிக்குள்ள போச்சுன்னா படகு கனத்துருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

மழையையும் அவர் நம்பவில்லை. மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், மகாராஜபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டு, மலையில் மழை விழுகிறதா என்று கேட்பார். மலையில் பெய்தால் ஓடை வழியாகத் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரும். அம்மா ஒருநாள் என்னிடம் பொரிந்து தள்ளினாள்: "ஏலே, அந்தப் போலீஸ்காரம்மா எனக்கு எம்புட்டு நேரம் போன் போடுதா! மேற்க பாருங்கா, செத்த நேரம் கழிச்சு மறுபடியும் பாருங்கா. நான் சோறு பொங்கவா, மலையப் பாக்கவா?"

மனிதர்களுக்காக அவர் கண்டுபிடித்ததுதான் ரோந்து நோட்டு. பூட்டிய வீடுகளிலும் வங்கி வாசல்களிலும் ரோந்து வரும் போலீஸ்காரர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு தொங்குமே, அதே மாதிரி ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் புங்கமரத்தில் தொங்கவிட்டார். தேதி, நேரம், வந்த வழி, பார்த்தது, கையெழுத்து என்று ஐந்து கட்டம். படகைப் பார்க்க யார் போனாலும் எழுத வேண்டும். அவர் போனாலும் எழுதுவார்.

மச்சான் ஒருமுறை சோம்பல்பட்டு ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் ஏட்டம்மா நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை பையி கிழிஞ்சு பக்கமெல்லாம் நனைஞ்சு கெடக்கு. ஒம்ம கையெழுத்து மட்டும் காஞ்சிருக்கே, எப்பிடி?" என்றார். அக்கா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

நோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை. அவரே பெயிண்டில் எழுதி ஆணியடித்தது. "படகில் தண்ணீர் நின்றால் தக்கையைக் கழற்றவும்." படகின் பின்பக்கம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. அதை அடைப்பது ஒரு ரப்பர் தக்கை. நாங்கள் படகு வாங்கியது கோடையில். கண்மாய் வற்றிக் கிடந்ததால் அதைக் கரைமேல்தான் ஏற்றி வைத்திருந்தோம். கோடை மழையில் படகுக்குள் தண்ணீர் நின்றால் தக்கையைப் பிடுங்கிவிடுவோம். தண்ணீர் தானாக ஓடிவிடும். எனக்கு அது சின்ன வயதிலிருந்து பழகிய வேலை மாதிரியே இருந்தது. வயலில் மழைத் தண்ணீர் அதிகமாக நின்றால் வாமடையைத் திறந்துவிட்டு வரப்பில் போய் உட்கார்வதில்லையா, அதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அதே சமயத்தில் கண்மாய் ஓரமாக ஒரு வாத்துக்காரர் வந்து பட்டி போட்டார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பெரிய கூட்டம். மச்சானுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வாத்துகள் மீன்குஞ்சைத் தின்றுவிடுகின்றன என்று தினமும் சண்டை. ஏட்டம்மா சண்டை போடவில்லை. காலையில் போய் நின்று வாத்துகளை எண்ணுவார்.

"நானே எண்ண மாட்டேன் தாயி" என்றார் வாத்துக்காரர்.

"அதனாலதான் நான் எண்ணுதேன்" என்றார் இவர்.

அந்த மாதக் கடைசியில் ஏட்டம்மாவுக்கு மதுரையிலிருந்து சம்மன் வந்தது. பழைய கேஸ் ஒன்றில் சாட்சி சொல்ல இரண்டு நாள் போயாக வேண்டும். பேருந்து நிலையத்தில் பைக்குள் கையை விட்டு டிக்கெட் காசைத் துழாவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கண்மாய் ஏறுது. கயித்த மட்டும் பாத்துக்க தம்பி. மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன்."

மத்ததெல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் ஏறி, கரையில் கிடந்த படகு மிதக்க ஆரம்பித்திருந்தது. அவர் தக்கையைப் போட்டு இறுக்கிவிட்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் பலகையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவர் போன மறுநாள் பகல் முழுவதும் மழை. ஷிப்ட் முடிந்து நான் கண்மாய்க்குப் போனபோது மணி நாலு இருக்கும். கரைப் பாதை வாத்துகள் மிதித்துச் சேறாகிக் கிடந்தது. அதனால் கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுமே, அந்தக் கலுங்குப் பக்கமாகச் சுற்றி வந்தேன். அங்கே மட்டும் மஞ்சள் களிமண். செருப்பைப் பிடித்து இழுக்கும்.

காற்றில் தார்ப்பாயின் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. படகுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை மழைத் தண்ணீர். சிவப்புக் கோட்டைக் காணவே இல்லை. எனக்குப் பதறியது. பலகையைப் பார்த்தேன். படகில் தண்ணீர் நின்றால் தக்கையைக் கழற்றவும். இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித் தக்கையைப் பிடுங்கினேன். தொலைந்துவிடக் கூடாதே என்று கட்டுக்கல்லின் மேல் பத்திரமாக வைத்தேன். பிறகு புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் வடியட்டும், அப்புறம் நோட்டில் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்தேன்.

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. மிதக்கிற படகின் அடியில் துளையைத் திறந்துவிட்டு, கண்மாய்த் தண்ணீர் முழுவதையும் உள்ளே வரச்சொல்லி அழைத்துவிட்டு, வரப்பில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் படகின் விளிம்பும் கண்மாயும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஓடிப் போவதற்குள் பின்பக்கம் உள்ளே போனது. ஒரு பக்கம் சாய்ந்து கரையோரப் படிக்கல்லில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு கயிறுகள் மட்டும் விறைத்து நின்றன.

நீச்சல் தெரியாத நான் கரையில் நின்று கையைப் பிசைந்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. நோட்டில் கையெழுத்துப் போடாமல், வந்த வழியே கலுங்குப் பக்கமாக விறுவிறுவென்று போய்விட்டேன்.

காலையில் மச்சான் போன் செய்தார். "மாப்ள, படகு முங்கிருச்சு! முங்கித் தடவிப் பாத்தேன், தக்கையக் காணும். எவனோ பிடுங்கிருக்கான்."

"ஐயையோ" என்றேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் பின்னும் நடித்ததில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுப் பேர் வாத்துக்காரரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். மச்சான் கையில் ஒரு கம்பு. மத்தியானத்துக்குள் பட்டியைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்போம் என்று கத்திக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டே இருந்தது.

"இந்த மழையில ஓட்டுனா பாதி வாத்து செத்துப்போயிரும் சாமி. ஒங்க படகத் தொட்டு எனக்கு என்ன வரப்போகுது?" என்றார் வாத்துக்காரர். அவர் குரல் உடைந்தது. அவருடைய மனைவி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

நான் வாயைத் திறந்தேன். "ஏட்டம்மா இன்னைக்கு வந்துருவாக. அவிய வரட்டும்" என்றுதான் வந்தது. என் வீரம் அவ்வளவுதான். ஒரு மனிதரின் பிழைப்பு என் வாயில் இருந்தது, நான் அதை மூடிக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்கு ஏட்டம்மா பேருந்திலிருந்து நேராகக் கண்மாய்க்கு வந்தார். கையில் பை, அக்குளில் குடை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையாகச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எந்தப் பக்கமா வந்தீக?" மச்சானிடம்.

"கரைப் பக்கமா."

"நீங்க?"

"நானும் கரைப் பக்கந்தாம்மா."

ஒவ்வொருவராகக் கேட்டு என்னிடம் வந்தார். என் செருப்பைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். வாரின் ஓரத்தில் மஞ்சள் களி காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் பார்வை அங்கே செத்த நேரம் நின்றது. கேள்வி வரப்போகிறது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. என்னைத் தாண்டி வாத்துக்காரரிடம் போனார். அவர் வெறுங்காலோடு நின்றார்.

"நீரு எந்தப் பக்கமா வந்தீரு?"

"நான் எங்க தாயி வாரது? இங்கயேதான கெடக்கேன்."

ஏட்டம்மா தலையை ஆட்டிவிட்டுக் கட்டுக்கல் பக்கம் போனார். கல்லின் மேல் மழைத் தண்ணீர் கட்டிய குழியில் தக்கை அப்படியே இருந்தது. எடுத்துத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார்.

"கெடுக்க வந்தவன் இதைக் கண்மாய்க்குள்ள தூக்கி எறிஞ்சிருப்பான். இது தொலைஞ்சிரக் கூடாதுன்னு கல்லு மேல வச்சிருக்கு. வாத்து வச்சிருக்கவருக்குத் தண்ணியப் பத்தித் தெரியாதா? மெதக்குற படகுல எவனாவது தக்கையப் பிடுங்குவானா? இது படகு தெரியாத ஆளு செஞ்ச வேலை."

"அப்போ நம்ம ஆளுங்கீகளா?" என்றார் மச்சான்.

"நான் ஒண்ணும் சொல்லல. துப்புத் துலங்கலைன்னு கேஸை மூடுதேன். அண்ணே, நீரு பட்டியப் பிரிக்க வேண்டாம்" என்று வாத்துக்காரரிடம் சொன்னார். எந்த ஆளையும் சந்தேகப்படாமல் விடாத ஏட்டம்மா கேஸை மூடுகிறேன் என்றதும் கூட்டமே அதிசயமாகப் பார்த்தது.

படகைத் தூக்கிக் கொடுத்தவரும் அந்த வாத்துக்காரர்தான். தண்ணீருக்குள் மூழ்கித் தக்கையைச் செருகியவர் அவர். நாங்கள் கயிற்றை இழுத்து விளிம்பை மேலே கொண்டுவந்தோம். எண்ணெய் கேனை வெட்டிச் செய்த வாளியால் நான் தண்ணீரை இறைத்தேன். யாரும் சொல்லாமலே, கை வலிக்க வலிக்க இறைத்தேன். பக்கவாட்டில் விழுந்திருந்த விரிசலை ராஜபாளையத்திலிருந்து ஆள் வந்து ஒட்டினார்.

ஒரு வாரம் கழித்துப் பலகையில் சிவப்பு பெயிண்டில் இரண்டு வார்த்தை கூடியிருந்தது: "கரையில் மட்டும்."

அதற்குப் பிறகு சந்தேகம் என்னைத் தொற்றிக்கொண்டது. ஏட்டம்மா டீ வாங்கிக் கொடுத்தால் ஏன் கொடுக்கிறார் என்று யோசிப்பேன். மில்லில் எப்படிப் போகிறது என்று கேட்டால் அதற்குள் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். அவர் வீட்டுக்குப் போகும் முன் தெருக்குழாயில் செருப்பைக் கழுவிக்கொள்வேன். கழுவிய செருப்பைப் பார்த்துச் சந்தேகப்படுவாரோ என்று அதற்கும் பயப்படுவேன். அவரோ பழையபடியே எல்லோரையும் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"ஒன்ன மட்டும் கேக்க மாட்டேங்காக பாரு மாப்ள. அம்புட்டு நம்பிக்கை" என்று மச்சான் பொறாமைப்பட்டார். எனக்கு அந்த நம்பிக்கையில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பலமுறை சொல்லிவிட நினைத்துப் போவேன். அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருப்பேன். டீ ஆறிப்போகும். எழுந்து வந்துவிடுவேன்.

குத்தகை முடிந்தது. படகை விற்றோம். ஏட்டம்மா மகளோடு கோயம்புத்தூர் போனார். போன தையில் அங்கேயே இறந்துவிட்டார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைக் காலி செய்ய வந்த மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். "இது ஒங்ககிட்டதான் சேரணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க. ஒங்க செருப்பைப் பாத்துட்டுக் குடுக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு தெரியல" என்று சிரித்தார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அன்று கழுவாமல்தான் போயிருந்தேன்.

பைக்குள் ரோந்து நோட்டு இருந்தது. வீட்டுக்கு வந்து பக்கங்களைப் புரட்டினேன். மச்சான் ஒரே நாளில் போட்ட கையெழுத்துகள் இருந்தன. என் கையெழுத்து, அவர் கையெழுத்து. அந்த நாளுக்கு வந்தேன். நான் எழுதாமல் ஓடிய வரியை அவர் எழுதியிருந்தார்.

நேரம்: மாலை நாலு இருக்கலாம். பார்த்தது: உள்ளே தண்ணீர் நின்றது. பலகையில் எழுதியிருந்தபடி தக்கை கழற்றப்பட்டது. பலகையை எழுதியது நான்.

கையெழுத்துக் கட்டத்தின் மேல்பாதியில் அவர் முழுக் கையெழுத்து. அவர் பெயரை முழுதாக அன்றுதான் படித்தேன். கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருந்தார். வந்த வழி என்ற கட்டமும் காலி.

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று அவர் மேலேயே கோபமும் வந்தது. கேட்காமலே இத்தனை வருடம் காலியாக வைத்திருந்திருக்கிறார், நானாக வந்து எழுதுவேன் என்று. பேனாவை எடுத்தேன். மை விட்டு விட்டு வந்தது. வந்த வழி என்ற கட்டத்தில் எழுதினேன்: "கலுங்குப் பக்கமா வந்தேன், ஏட்டம்மா."

பிறகு அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.